ஒரு சொட்டும் விடாதவள்

சங்ககிரிப் பக்கம் ஒரு லாரி இருந்தது. வயதான லாரி. ஜவ்வரிசி மூட்டைகளை ஏற்றிக்கொண்டு கணவாய் ஏறி வடக்கே போகும். திரும்பும்போது வெங்காயமோ பருப்போ கிடைத்ததை ஏற்றிக்கொண்டு இறங்கும். அதற்குச் சொந்தக்காரரும் ஓட்டுநரும் செங்கோடன் ஒருவர்தான். பக்கத்து இருக்கையில் எப்போதும் அவர் மனைவி பாவாயி இருப்பாள். பிள்ளைகளைக் கட்டிக்கொடுத்த பிறகு அவர்களுக்கு வீடு என்று இருந்தது அந்த லாரிதான்.

அந்த லாரியின் இஞ்சினுக்குள் ஒரு குடும்பம் குடியிருந்தது. அந்தக் குடும்பத்துக்கு ஒருநாள் புதிதாக வந்து சேர்ந்தாள் ஓர் ஆயில் சீல்.

கறுப்பு ரப்பரில் வளையல் மாதிரி இருந்தாள். வேலை ஒன்றே ஒன்றுதான். இஞ்சினுக்குள் சுற்றுகிற கிராங்க் என்ற பெரிய தண்டு பின்பக்கமாக வெளியே தலைநீட்டும் இடத்தில், அவனைச் சுற்றிலும் கட்டிப் பிடித்துக்கொள்ள வேண்டும். அவன் சுற்றுவதைத் தடுக்கக் கூடாது. எண்ணெயை வெளியே விடவும் கூடாது. அதற்காக அவளுக்கு மெல்லிய உதடு ஒன்று உண்டு. அந்த உதடு எப்போதும் அவன்மேல் ஒட்டியே இருக்க வேண்டும்.

அவளைத் தட்டித் தட்டி உள்ளே பொருத்தியவர் பட்டறைக்காரர் காசிம் பாய். கையைத் துடைத்தபடி அவர் செங்கோடனிடம் சொன்னது அவள் காதில் தெளிவாக விழுந்தது.

"பழைய சீலு ஒழுகுச்சு, மாத்தியாச்சுங்க. இது நல்ல சரக்கு. இதுவும் ஒழுகுச்சுன்னா அப்ப குத்தம் சீலு மேல இல்லை. உள்ள காத்து சேந்துக்கிட்டு எண்ணெயத் தள்ளுதுன்னு அர்த்தம். ஒரு சொட்டுத் தெரிஞ்சாலும் கொண்டாந்துருங்க. இஞ்சினைப் பிரிச்சுப் பாத்துரலாம்."

"சரிங் பாய்," என்றார் செங்கோடன்.

முதல் பயணத்திலேயே அவளுக்கு அந்தக் காற்று தெரிந்துவிட்டது. முதுகில் யாரோ சூடான உள்ளங்கையை வைத்து வெளியே தள்ளுவது போல இருந்தது. வண்டி மேடு ஏறினால் அந்தக் கை இன்னும் அழுத்தும். இறங்கினாலும் எடுக்காது.

"அண்ணா, இது என்ன காத்து?" என்று கிராங்கைக் கேட்டாள்.

"எனக்குத் தெரியாது தாயி. நான் சுத்தறவன். சுத்தறது மட்டுந்தான் எனக்குத் தெரியும்," என்றான் அவன். பொய்யில்லை. அவன் வாழ்நாளில் நின்று எதையும் பார்த்ததில்லை.

அந்த வீட்டில் சேதி எல்லாம் எண்ணெய் வழியாகத்தான் போகும், வரும். எண்ணெய் தெறிக்கும்போது அவள் மேலே பிஸ்டனில் இருந்த மூத்த ரிங்குக்குச் சொல்லி அனுப்பினாள். மேலே எரிகிற நெருப்பின் ஆவி கீழே இறங்கிவிடாமல் சிலிண்டர் சுவரோடு ஒட்டி நின்று காப்பது ரிங்குகளின் வேலை. குடும்பத்தில் மதிப்பான வேலை அது.

"மேலேருந்து ஏதோ ஆவி கீழ வருதுங்களா?"

"இஞ்சின்னா சூடு இருக்கத்தான் செய்யும்," என்று பதில் வந்தது. "வந்ததும் வராததுமா ஆராய்ச்சி பண்ணாதே. உன் வேலையப் பாரு."

அவள் தன் வேலையைப் பார்த்தாள். ஆனால் காற்று விடவில்லை. ஒருநாள் எண்ணெய் அளக்கும் கம்பி தன் துளையிலிருந்து தானாக எகிறி வெளியே குதித்தது. அதன் பாணியில் அது ஒரு கூப்பாடு. செங்கோடன் பானட்டைத் திறந்து பார்த்தார். கம்பியைத் துடைத்தார், உள்ளே திணித்தார், மறுபடி எகிறாமல் சைக்கிள் டியூபைக் கிழித்து இறுக்கிக் கட்டினார். கட்டிய பிறகு கம்பி பேசவில்லை.

காற்று எப்படி வருகிறது என்று யாரும் சொல்லாததால், காற்று எப்படிப் போகவேண்டும் என்று விசாரிக்கத் தொடங்கினாள் சீல். எல்லா வீட்டுக்கும் புகைபோக்கி என்று ஒன்று இருக்குமே, இந்த வீட்டுக்கு எங்கே? விசாரித்து விசாரித்துக் கடைசியில் இஞ்சினின் பக்கவாட்டில் ஒதுங்கிக் கிடந்த மூச்சுக்குழாயிடம் போய்ச் சேர்ந்தாள். ஆவி எவ்வளவு இறங்கினாலும் அதை வெளியே அனுப்பிவிடுவதற்காகவே இருந்தவன் அவன். இஞ்சினிலிருந்து கிளம்பி, சேஸிஸ் சட்டத்தின் ஓரமாகக் கீழே இறங்கி, சாலையைப் பார்த்து வாய் திறந்திருப்பான். அந்த வீட்டில் அவன் பேச்சை யாரும் எடுப்பதில்லை. வாயெல்லாம் கரியும் எண்ணெய்ப் பிசுக்குமாக இருந்தவனை உறவென்று சொல்லிக்கொள்ளவே அவர்களுக்குக் கூச்சம்.

"நீ ஏன் மூச்சு விடறதில்ல?" என்று கேட்டாள்.

பதில் அமுங்கி அமுங்கி வந்தது. "வாயில துணி இருக்குது."

"யாரு வெச்சாங்க?"

"அந்தய்யாதான். கோவிச்சுக்கிட்டு வெக்கல. அந்தம்மாவுக்கு இளைப்பு. நான் விடற புகை கியர் கம்பிக்குப் பக்கத்துல இருக்கற ஓட்டை வழியா மேல ஏறுது. அந்தம்மா இருமி இருமி, ஒருநாள் கண்ணெல்லாம் சொருகிப்போச்சு. அந்தய்யா வண்டிய ஓரங்கட்டிட்டு, கீழ படுத்து, தன்ற துண்டையே கிழிச்சு என் வாயில திணிச்சாரு. அன்னியிலருந்து அந்தம்மா நல்லாத் தூங்குது. அதுல எனக்கு வருத்தமில்ல."

"அப்ப எதுல வருத்தம்?"

"ரிங்கு தேஞ்சுபோச்சு. ஆவி முன்னைய விட அதிகமா இறங்குது. முன்னயெல்லாம் நான் வெளிய விட்டுருவேன். அதனால யாருக்கும் தெரியல. இப்ப போறதுக்கு வழியில்ல. உள்ளயே நிக்குது. உனக்கு முன்னாடி இருந்தவ ஒழுகினது அதனாலதான். அவ கெட்டுப்போகல."

சீலுக்கு இப்போது எல்லாம் புரிந்தது. மேலே ஒரு கதவு தேய்ந்து திறந்து கிடக்கிறது. கீழே ஒரு வாய் அடைத்துக் கிடக்கிறது. நடுவில் காற்று சேர்ந்துகொண்டே இருக்கிறது. அதற்கும் வெளி உலகத்துக்கும் இடையில் இருப்பது தன் உதடு மட்டும்தான்.

"நான் ஒண்ணு கேக்கட்டுமா?" என்றான் மூச்சுக்குழாய். "ஒரே ஒரு சொட்டு விடு. எனக்குத்தான் பேச வாயில்ல. உன்னால பேச முடியும். அந்த மெக்கானிக்குக்குப் புரியற பேச்சு அது ஒண்ணுதான்."

"சொட்டினா என்னையத் தூக்கி எறிஞ்சுருவாங்க."

"எறிவாங்க," என்றான் அவன். "ஆனா பிரிச்சுப் பாப்பாங்க."

இந்தப் பேச்சும் எண்ணெய் வழியாகத்தானே போயிற்று. மேலே ரிங்குக்கு எட்டிவிட்டது. அதுவரை அதட்டியே பேசிய மூத்த ரிங் அன்று தாழ்ந்த குரலில் பேசினான்.

"நாங்க தேஞ்சது உண்மைதான். ஒளிச்சு என்ன ஆகப்போகுது? எத்தனை கணவாய் ஏத்தியிருக்கோம் தெரியுமா? நெருப்புக்கும் சுவத்துக்கும் நடுவுல நின்னு நின்னு தேஞ்சோம். பிரிச்சாங்கன்னா எங்களைத்தான் முதல்ல வழிச்சு எறிவாங்க. நீ சொட்டற ஒரு சொட்டுல எங்க கதை முடிஞ்சுரும்."

"அப்ப இந்தக் காத்து?"

"காத்து இருந்துட்டுப் போகுது. எந்த வீட்டுலதான் காத்தில்ல? வீட்டு விசயம் வெளிய தெரியாம இருக்கற வரைக்கும் அது வீடு. நீ வந்தவ. வந்த வீட்டோட மானம் இப்ப உன் உதட்டுல இருக்குது. இதுக்கு மேல உன் இஷ்டம்."

அவள் கிராங்கைப் பார்த்தாள். அவன் சுற்றிக்கொண்டிருந்தான்.

அவளுக்கும் ஒரு பெருமை இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். நல்ல சரக்கு என்று சொல்லிப் பொருத்தப்பட்டவள் அவள். ஒழுகினவள் என்ற பெயரோடு வெளியே போக அவளுக்கு மனமில்லை. ரிங்கு கெஞ்சியது பாதி, அந்தப் பெருமை பாதி. உதட்டை இறுக்கிக்கொண்டாள்.

அதே சமயம் மேலே, லாரியின் அறையில், பாவாயி ஜன்னல் வழியாக எதையோ பார்த்துக்கொண்டே கேட்டாள். "ஏனுங்க, வண்டி முன்ன மாதிரி இழுக்கலீங்களே. அந்தக் குழாயில துணி வெச்சீங்களே, அதைப் பாய்கிட்டச் சொன்னீங்களா?"

"அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? அது புகை போற குழாய். சும்மா கெடக்கறது."

"இல்லீங்க, மனசுக்கு ஒரு மாதிரியா இருக்குது. எடுத்துருங்க. நான் முக்காட்டை மூக்குல சுத்திக்கறேன்."

"மறுபடியும் அப்படிக் கண்ணு சொருகறதுக்கா? என்னால பாக்க முடியாது புள்ள. பேசாம வா."

பாவாயி பேசாமல் வந்தாள்.

கொஞ்ச நாள் கழித்து, பின்சக்கரத்து வில்பட்டையில் ஒரு தகடு ஒடிந்ததென்று வண்டி பட்டறைக்குப் போயிற்று. அந்த வேலை முடிந்ததும் காசிம் பாய் தானாகவே, "கெடக்கட்டும், அந்தச் சீலையும் ஒரு பார்வை பாத்துரலாம்," என்று சாக்கை விரித்துக் கீழே படுத்தார். டார்ச் வெளிச்சம் சீலுக்குப் பக்கத்தில் வந்து நின்றது.

"இப்ப!" என்றான் மூச்சுக்குழாய். துணிக்குள்ளிருந்து அவன் குரல் அப்படி வெளிப்பட்டதே இல்லை. "ஒரே ஒரு சொட்டு! இப்ப விட்டாப் போதும்!"

மேலே ரிங்குகள் மூச்சு விடாமல் இருந்தன.

முதுகில் காற்று அழுத்தியது. எண்ணெய் அவள் உதட்டு விளிம்பு வரை வந்து நின்றது. விட வேண்டியதுகூட இல்லை. பிடிப்பதை ஒரு கணம் நிறுத்தினால் போதும்.

பாயின் விரல் அவளுக்கு அடியில் தடவிப் பார்த்தது. அவள் இருந்த பலம் எல்லாவற்றையும் கூட்டிப் பிடித்துக்கொண்டாள்.

"அட, காஞ்சு கெடக்குதுங்க!" என்றார் பாய். "பொட்டு ஈரமில்ல. நல்ல சீலு. அப்ப இஞ்சின் இன்னும் தாங்கும்." எழுந்தவர், இஞ்சின் மேல் இருந்த எண்ணெய் மூடியைப் பார்த்துக் கொஞ்சம் யோசித்தார். "எதுக்கும் ஸ்டார்ட் பண்ணுங்க. அந்த மூடியக் கழட்டித் தலைகீழா வெச்சுப் பாத்துரலாம். உள்ள காத்து இருந்தா மூடி குதிக்கும்."

"லோடு காத்துக்கிட்டு நிக்குதுங் பாய். காஞ்சுதானே கெடக்குது?"

"அதுவும் சரிதான். ஒழுகலைன்னா என்ன பயம்? போய்ட்டு வாங்க."

வண்டி கிளம்பியது. ரிங்குகள் அவளைப் புகழ்ந்து எண்ணெய் வழியே சொல்லி அனுப்பிக்கொண்டே இருந்தன. குடும்பத்தைக் காப்பாற்றினாய் என்றன. எங்கள் பிறவியில் இப்படி ஒருத்தியைப் பார்த்ததில்லை என்றன. அவளுக்கு மகிழ்ச்சியாக இருந்தது. மூச்சுக்குழாய் அன்றைக்குப் பிறகு அவளோடு பேசவில்லை. ஒருமுறை அவளே கூப்பிட்டுப் பார்த்தாள்.

அடுத்து கணவாய். நல்ல வெயில். முழு லோடு. செங்கோடன் கியரைக் குறைத்து ஏற்றினார். பாதி ஏற்றத்தில் டர்போ அலறினான். வெளிக்காற்றை அமுக்கி இஞ்சினுக்கு ஊட்டுகிறவன் அவன். வேகக்காரன். அவ்வளவு வேகமாகச் சுற்றுவதால் அவனுக்கு எண்ணெய் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். மேலிருந்து வாங்கிக் கீழே இறக்கிவிடுவான்.

"எண்ணெய் கீழ இறங்க மாட்டேங்குது!" என்று கத்தினான். "கீழேருந்து காத்து எதுத்துத் தள்ளுது! எனக்குத் தொண்டை வரைக்கும் நிக்குது! யாராவது ஒரு வழி விடுங்க!"

யாரும் வழிவிடவில்லை. வழிவிட யாரும் இல்லை. நிரம்பி வழிந்த எண்ணெய் டர்போவின் இடுக்கு வழியாகக் காற்றுப் பாதைக்குள் கசிந்தது. அங்கிருந்து நேராக நெருப்புக்குள் போய் விழுந்தது.

டீசல் இஞ்சினுக்கு எண்ணெயும் டீசலும் ஒன்றுதான். எது வந்தாலும் எரிக்கும். தன் எண்ணெயைத் தானே குடிக்கத் தொடங்கிய இஞ்சின், மிதிக்காமலே வேகம் எடுத்தது. வேகம் எடுக்க எடுக்கக் காற்று கூடியது. காற்று கூடக் கூட எண்ணெய் மேலே ஏறியது.

செங்கோடன் மிதியிலிருந்து காலை எடுத்தார். வேகம் குறையவில்லை. வண்டியை ஓரங்கட்டி, கியரை விடுவித்து, பிரேக்கைப் போட்டு, சாவியைத் திருப்பினார். இஞ்சின் நிற்கவில்லை. சாவி டீசலைத்தானே நிறுத்தும்? சாவியை உருவிக் கையில் வைத்துக்கொண்டு அதையே பார்த்தார். அந்த இஞ்சின் அதற்கு முன்பு அப்படிக் கத்தியதே இல்லை. வெள்ளைப் புகை கணவாயையே மறைத்தது.

"எறங்கு புள்ள! எறங்கி ஓடு!"

"நீங்க வாங்க! வண்டி கெடக்கட்டும், நீங்க வாங்க!"

இருவரும் இறங்கிப் பாறை ஓரமாக ஓடினார்கள். எதிரே வந்த லாரிக்காரன் ஒருவன், "டாப் கியர்ல போட்டுக் கிளச்ச விடுங்கண்ணா, இஞ்சின் அமுந்து நின்னுரும்!" என்று கத்தினான். செங்கோடன் திரும்பி ஓடப் போனார். பாவாயி அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

உள்ளே கிராங்க் முதல் முறையாக, யாரும் கேட்காமல் தானாகப் பேசினான். "என்னால நிக்க முடியலையே," என்றான். "யாராச்சும் என்னைய நிறுத்துங்களேன்."

ரிங்குகள் ஒவ்வொன்றாக உடைந்தன. பிரித்துவிடுவார்கள் என்று எந்த நாளை நினைத்துப் பயந்தனவோ, அந்த நாளில்கூட அவை முழுசாகக் கழன்று வந்திருக்கும். இப்போது பொடிப்பொடியாகப் போயின.

அப்போதுதான் சீல் தன் உதட்டைத் தளர்த்தினாள். போகட்டும், ஒழுகினவள் என்றே சொல்லட்டும், எல்லாம் வெளியே போகட்டும் என்று விட்டுவிட்டாள். ஒன்றும் வெளியே போகவில்லை. வெளியே விடுவதற்கு உள்ளே எண்ணெயே மிச்சமில்லை.

பெரிய இடி ஒன்று கேட்டது. பிஸ்டனைக் கிராங்கோடு இணைத்திருந்த இரும்புக் கை ஒன்று இஞ்சினின் பக்கச் சுவரை உடைத்துக்கொண்டு வெளியே நீட்டியது. பிறகு கணவாயில் சத்தமே இல்லை. பாவாயியின் இருமல் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

வண்டியைக் கட்டி இழுத்துப் பட்டறைக்குக் கொண்டுவந்தார்கள். காசிம் பாய் இஞ்சினை இறக்கிப் பிரித்தார். கடைசியில் மூச்சுக்குழாயைக் கழற்றி வாயைப் பார்த்தவர், குறடை விட்டு இழுத்தார். கரிக்கட்டை போல இறுகிப்போன துணி ஒன்று வந்தது.

"இது எப்படிங்க இதுக்குள்ள வந்துச்சு?"

செங்கோடன் தலையைக் குனிந்துகொண்டார். பாவாயிதான் சொன்னாள். "எனக்காக வெச்சதுங்க அது. எனக்கு இளைப்பு வந்துதுன்னு."

"நீ சும்மா இரு புள்ள."

"சும்மா இருந்து என்னத்தைக் கண்டோம்?" என்றாள் அவள். அதற்கு மேல் பேச மூச்சு வரவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

பாய்க்கும் வாயில் ஏதோ வந்தது. அவள் முகத்தைப் பார்த்து விழுங்கிக்கொண்டார். "என் மேலயும் இருக்குதும்மா," என்றார் பிறகு. "அன்னிக்கு அந்த மூடியக் கழட்டிப் பாத்திருந்தாத் தெரிஞ்சிருக்கும். காஞ்சு கெடக்குதேன்னு விட்டுட்டேன்."

"மறுபடி கட்டிர முடியாதுங்களா பாய்?" என்று கேட்டார் செங்கோடன். கேட்கும்போதே பதில் அவருக்குத் தெரிந்திருந்தது.

"இஞ்சின் பிளாக்கே பிளந்துபோச்சுங்க. இனி இது இரும்பு விலைக்குத்தான்."

வாசலில் நின்ற தன் லாரியை, முன்பக்கம் காலியாக நின்ற அந்த லாரியை, செங்கோடன் நெடுநேரம் பார்த்தார். அதில் ஏறி உட்கார்ந்தார். எங்கும் போகாத ஸ்டியரிங்கில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பாய் உடைந்த துண்டுகளை அள்ளிப் பட்டறைக்குப் பின்னால் கொண்டுபோனார். சீல் மட்டும் உடையாமல் இருந்தாள். அவளைக் கையில் எடுத்து, பனியனில் துடைத்து, வெளிச்சத்தில் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். உதட்டில் ஒரு கீறல் இல்லை.

"கடைசி வரைக்கும் ஒரு சொட்டு விடலையே நீ," என்றார். திட்டவில்லை. மெச்சவும் இல்லை. குவியலில் போட்டுவிட்டுப் போனார்.

குவியலில் அவளுக்குப் பக்கத்தில், வயிறு வெடித்த ரேடியேட்டர் ஹோஸ் ஒருத்தி கிடந்தாள். வேறு ஏதோ வண்டியிலிருந்து வந்தவள். அங்கே வந்து சேர்பவர்களிடம் எல்லோரும் கேட்பதையே அவளும் கேட்டாள்.

"உன்னைய எதுக்கு எறிஞ்சாங்க? ஒழுகிட்டியா?"

"இல்ல," என்றாள் சீல். "ஒழுகல."